பூநகரியிலிருந்து மன்னாருக்குத் துடுப்பு வள்ளம்: எத்தனை லீற்றர் தண்ணி?

வெளிக்கிட்டவன் | 11.01.2025, இரவு 9.40

சங்குப்பிட்டிப் பாலத்தடியில இறங்கி மன்னார்ப் பாலத்தடியில ஏறுறது. எஞ்சின் இல்லை, பாய் இல்லை, துடுப்பு மட்டும். ரெண்டு பேர். மாசி மாதம், ஆறு நாள். சாமான் குறைவாத்தான் கொண்டு போறம். சாப்பாடு, தண்ணி, படுக்கை ஒண்டுக்கும் யோசிக்கேல்லை. வந்தாரை வாழவைக்கும் வன்னி எண்டு சும்மாவே சொன்னவை? அதால சனத்தைப் பற்றிக் கேள்வி இல்லை. எந்த வள்ளம், எந்தக் காத்து, எங்க சேறு, அதுமட்டும் சொல்லுங்கோ.

மரக்கோல் | 11.01.2025, இரவு 10.15

கேள்வியே சனத்தைப் பற்றித்தான் தம்பி.

தருவினம். அதில சந்தேகமில்லை. அதுக்காக அதைச் சாமான் பட்டியலில எழுதக்கூடாது. மாசி, பங்குனியில பூநகரிக் கரைக் கிணறு கனக்க உவர். குடிக்கிற தண்ணி பவுசரில வாற ஊர்கள் இருக்குது. அங்க போய் ஐஞ்சு லீற்றர் கானை நீட்டினால் முகம் சுளிக்காமல் நிரப்பித் தருவினம். அண்டைக்கு அந்த வீட்டில ஆர் குளிக்கேல்லை எண்டது உங்களுக்குத் தெரியவராது.

மற்றதுக்கு நாளைக்கு எழுதிறன்.

மரக்கோல் | 12.01.2025, காலை

வள்ளம். தொழிலுக்குப் போற பதினெட்டடி பைபர் வள்ளத்தை ரெண்டு பேர் துடுப்பால கொண்டு போகலாம் எண்டு நினைக்க வேண்டாம். அது எஞ்சினுக்கெண்டு செய்தது. காத்துப் பிடிக்கிற பக்கம் உயரம், அடி அகலம். பின்னேரக் காத்து வந்தால் வலிக்க வலிக்க நிண்ட இடத்தில நிக்கும். சேத்தில இறங்கி இழுக்கவும் ரெண்டு பேர் காணாது.

வேண்டியது களப்பில இறாலுக்குப் போற சின்ன வள்ளம். 13, 14 அடி நீளம், நடுவில மூண்டடிக்குக் கிட்ட அகலம். வாங்க முதல் மூண்டு விசயம் பாக்கவேணும். ஒண்டு, குறுக்குப் பலகை ஆடுதோ. ரெண்டு, அணியத்தடியில, அதாவது வள்ளத்தின்ர முன்மூக்கடியில, கல்லில உரஞ்சின தேய்வு. மூண்டு, உள்ளுக்கு ரெண்டு வாளி தண்ணி ஊத்தி நிழலில ஒரு இரவு விட்டால் எவ்வளவு மிச்சம் நிக்குது எண்டது. வெளியில ஈரக்கோடு தெரிஞ்சால் அந்த இடத்தில சோக்கால கீறி வை.

இருபது லீற்றர் வெறும் கான் ரெண்டை மூடி இறுக்கி, முன் பலகைக்குக் கீழ ஒண்டு, பின் பலகைக்குக் கீழ ஒண்டு கட்டு. வள்ளம் நிரம்பினாலும் அந்த ரெண்டும் கிட்டத்தட்ட 40 கிலோவைத் தூக்கி வைச்சிருக்கும். கயிறு கானின்ர கைபிடியில மட்டும் போடப்படாது. உடம்பைச் சுத்திக் கட்டாட்டி முதல் கவிழ்விலேயே கைபிடி முறிஞ்சு கான் தன்ர பாட்டில போயிடும்.

துடுப்பு மூண்டு, அதாவது ரெண்டும் ஒரு உபரியும். நிண்டால் நாடி உயரத்துக்கு வரவேணும், அஞ்சடிக்குக் கிட்ட. பூவரசு நல்லம். வேம்பு பாரம். தண்ணி வார, ஐஞ்சு லீற்றர் கானைச் சரிவா வெட்டினால் காணும். அதைக் கயித்தால வள்ளத்தோட கட்டு. கட்டாத பட்டை, வேண்டிய நேரம் வள்ளத்துக்கு வெளியிலதான் மிதக்கும்.

கச்சான் | 12.01.2025, மத்தியானம்

கயாக் எண்டொரு சாமான் இருக்குது, கேள்விப்பட்டனீங்களோ? கொழும்பில வாடகைக்கே குடுக்கினம்.

மரக்கோல் | 12.01.2025, மத்தியானம்

இருக்குது. வேகம் கூட, காத்துக்கும் நல்லம். ஆனால் 30 கிலோ தண்ணி ஏத்தினால் நீங்கள் எங்க இருப்பியள்? துவாரம் விழுந்தால் வழியில கிராஞ்சி மாதிரி ஊரில அதைத் திருத்த ஆக்கள் இல்லை. வள்ளமெண்டால் கரையில எந்த மீன்வாடியிலயும் கை தெரிஞ்ச ஒருத்தர் இருப்பார். உதவி கிடைக்கோணுமெண்டால் உதவி செய்யக்கூடிய சாமானோட போகவேணும்.

மரக்கோல் | 13.01.2025, இரவு

காத்து. சோளகம், அதாவது தென்மேற்குக் காத்து, வைகாசியில தொடங்கி புரட்டாதி வரைக்கும். அந்தக் காலம் தெற்கை பாத்துப் போறது வீண்வேலை, மூஞ்சையில அடிக்கும். வாடை, வடகிழக்குக் காத்து, கார்த்திகையில இருந்து. கார்த்திகை, மார்கழியில மழையும் தாழமுக்கமும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில கரைகடந்து, வன்னியைக் குறுக்கறுத்து மன்னார்க் கடலில இறங்கினது. ஆகவே தை நடுவில இருந்து பங்குனி முடியும்வரை. நீர் சொன்ன மாசி சரியான காலம்.

ஆனால் வாடையில ஒரு பொறி இருக்குது. அந்தக் கரைக்கு வாடை தரையில இருந்து கடலுக்கு வீசுற காத்து. கரையில நிண்டு பாத்தால் தண்ணி தகடு மாதிரி இருக்கும். ஒரு கிலோமீற்றர் வெளியில போனாப் பிறகுதான் அலை தெரியும். அப்ப திரும்பி வாறது எதிர்க்காத்துக்கு. அதுக்கு ஒரேயொரு விதி: வள்ளத்தைக் குத்தித் தள்ளுற மரக்கோல் நிலத்தில முட்டுற தூரத்துக்கு அங்கால போகாதே. பாக்கு விரிகுடாக் கரை அவ்வளவு ஆழமில்லாததால இந்த விதியோட கிட்டத்தட்ட முழுத்தூரமும் போகலாம்.

விடியக் கருக்கலில இறங்கு. பதினொரு மணிக்கு முடி. அதுக்குப் பிறகு மேற்கால கச்சான் எழும்பி வள்ளத்தைப் பக்கத்தில அடிக்கும். (இஞ்ச எழுதிற கச்சானும் அந்த நேரந்தான் எழும்புறவர்.)

வானிலை அறிக்கையில எல்லாத்தையும் கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. “புத்தளம் தொடக்கம் மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரையான கடற்பரப்பு” எண்டு வாற வசனம் மட்டும் உங்களுக்கு. காத்து மணிக்கு 40 கிலோமீற்றரைத் தாண்டும் எண்டு சொன்னால் அண்டைக்கு வாடியில இருந்து தாயம் விளையாடுங்கோ.

வெளிக்கிட்டவன் | 14.01.2025

பொங்கல் வாழ்த்து எல்லாருக்கும். 30 கிலோ தண்ணி எண்டது என்ன கணக்கு?

மரக்கோல் | 14.01.2025

ஒருத்தருக்கு ஒருநாளைக்கு 5 லீற்றர், குடிக்கவும் சமைக்கவும். ரெண்டு பேருக்குப் பத்து. மூண்டு நாளைக்கு 30. அதை ஒரு பெரிய கானில கொண்டு போகப்படாது, ஐஞ்சு லீற்றர் கான் ஆறு. ஒண்டு வெடிச்சால் ஒண்டுதான் போகும். ஆளின்ர பாரத்துக்கேற்ப முன்னுக்குப் பின்னுக்கு நகர்த்தி வள்ளத்தைச் சமப்படுத்தவும் அதுதான் உதவும்.

மூண்டு நாளைக்கு ஒருக்கால் நிரப்பினால் காணும். அதையும் வீட்டில கேக்காமல் கடையில, அல்லது ஆர்.ஓ. (சுத்திகரிச்ச) தண்ணி விக்கிற இடத்தில காசு குடுத்து நிரப்பு. முழங்காவில், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை மூண்டும் ஏ 32 றோட்டில இருக்குது. கரையில வள்ளத்தை ஒருத்தர் பாக்க, மற்றவர் சைக்கிளொண்டு இரவல் வாங்கிப் போய் வரலாம். இரவல் சைக்கிள் கேக்கிறதில ஆருக்கும் நட்டமில்லை.

சோறு காய்ச்ச நாலு கோப்பை நல்லதண்ணிக்கு ஒரு கோப்பை கடல்தண்ணி விடலாம், உப்புப் போடத் தேவையில்லை. அதுக்கு மேல விட்டால் சோறு கைக்கும், தாகமும் கூடும்.

குடாக்கரை | 15.01.2025

ஐயா சொன்னதில் ஒன்றைத் திருத்த வேண்டும். கிராஞ்சி, வலைப்பாடுப் பக்கம் கரையோரம் முழுவதும் நண்டு வலையும் கடலட்டைப் பண்ணையும். “மரக்கோல் முட்டுகிற ஆழம்” என்று கரையை ஒட்டி வந்தால் நேராக அட்டைப் பண்ணைக்குள்தான் போய் விழுவீர்கள். கம்பு நட்டு வலை சுற்றி அடைத்திருப்பார்கள்; பெருக்கில் கம்பின் நுனி ஒரு சாண்தான் வெளியே தெரியும். வலையில் துடுப்பு மாட்டினால் வலை கிழியும், உள்ளேயிருக்கும் குஞ்சு அட்டை வெளியே போய்விடும். அது ஒரு குடும்பத்தின் ஆறேழு மாத வேலை.

இரவில் அந்தப் பக்கம் போகவே கூடாது. அட்டைக் களவு உள்ள இடம். காவல் குடிலில் இருப்பவருக்கு இருட்டில் வருகிற எஞ்சின் சத்தமில்லாத வள்ளம் என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான்.

மரக்கோல் | 15.01.2025

சரி. என்ர பிழை. விதியை இப்பிடித் திருத்திக்கொள்ளுங்கோ: முட்டுற ஆழம், ஆனால் கம்புக்கு வெளிப்பக்கத்தால. கம்பு நட்டுக் கட்டிற சிறகுவலைக்கும் அதேதான், கடல்பக்கத்து நுனியைச் சுத்திப் போறது, தூரம் கூடினாலும்.

நண்டு வலை வேறை. அது அடியில கிடக்கும், ரெண்டு அந்தத்தில மட்டும் ரெஜிபோம் கட்டையோ போத்தலோ மிதக்கும். துடுப்பு வள்ளம் மேலால போகலாம், மரக்கோலை மட்டும் அந்த இடத்தில குத்தப்படாது. வலையை ஆரும் தூக்கிக்கொண்டிருந்தால் அவருக்குப் பின்பக்கத்தால போ. முன்னால போனால் அவர் வள்ளத்தைத் திருப்பவேணும்.

கடற்படைக்கு அறிவிக்காமல் இறங்காதேங்கோ. பேர், அடையாள அட்டைப் பிரதி, வள்ளத்தின்ர நிறம், நீளம், நாள்வாரியாத் தங்குற இடம், ரெண்டு போன் நம்பர். தமிழிலயும் சிங்களத்திலயும் ஒரு பக்கம். மூண்டு பிரதி: முகாமுக்கு, இறங்கிற ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்துக்கு, வள்ளத்தில பொலித்தீன் சுத்தினது ஒண்டு. தொழில் வள்ளத்துக்கெல்லாம் பக்கத்தில பதிவு நம்பர் எழுதியிருக்கும். நம்பரில்லாத வள்ளத்தை ஆரும் கேள்வி கேப்பினம், கேக்கத்தான் வேணும்.

கச்சான் | 16.01.2025

ஒரு சின்னச் சந்தேகம். சங்குப்பிட்டியில இருந்து வெளிக்கிட்டால் கல்முனையைச் சுத்தவேணுமே. அம்பாறையில இருக்கிற கல்முனைக்கு ஆறு நாள் காணுமோ?

மரக்கோல் | 16.01.2025

பூநகரிக் கல்முனை. அம்பாறைக் கல்முனைக்குப் போறதெண்டால் தண்ணிக் கணக்கை மாத்தவேணும்.

நல்ல கேள்வி ஆனாலும். களப்பு முழுக்க மேற்க போய், அந்த மணல் முனையைச் சுத்தி, திரும்பத் தெற்க வாறது ரெண்டு நாள் வேலை. முனையில களப்புத் தண்ணியும் கடல் தண்ணியும் போய்வாற இடமெண்டபடியால் இழுவையும் இருக்கும், காத்துக்கு மறைப்பும் இல்லை. 2011 தையில திறந்த 288 மீற்றர்ப் பாலத்தின்ர கீழால போறது படத்துக்கு வடிவுதான். வள்ளத்தை லான்ட்மாஸ்ரரில (ரெண்டு சில்லு உழவு மெசின்) ஏத்திப் பள்ளிக்குடாவில இறக்கினால் அந்த ரெண்டு நாள் மிச்சம்.

பள்ளிக்குடா தொடக்கம் மன்னார் வரை கரையோட 65, 70 கிலோமீற்றர். ஏத்தின வள்ளம் மணிக்கு 3 கிலோமீற்றர் எண்டு வையுங்கோ. நாலு எண்டு சொல்லுறவை வெறும் வள்ளத்தில, பத்து நிமிசம் வலிச்சுப் பாத்தவை. ஐஞ்சு மணித்தியாலம், 15 கிலோமீற்றர். ஐஞ்சு நாள் ஓட்டம், ரெண்டு நாள் காத்துக்கு, மொத்தம் ஏழு.

வெளிக்கிட்டவன் | 17.01.2025

பள்ளிக்குடா சரி. களைச்சுப்போனால் ஆரும் கட்டியிழுத்து விடமாட்டினமோ? எஞ்சின் வள்ளங்கள் போய்வரும்தானே.

மரக்கோல் | 17.01.2025, இரவு

இழுப்பினம். கேக்காமலே கிட்ட வந்து “கயிறைப் போடு” எண்டுவினம். அந்தக் கரையில துடுப்பு வள்ளத்தைக் கவிழ்க்கக்கூடிய முதல் சாமான் அதுதான், காத்து ரெண்டாவது.

ஏன்? அவற்ற எஞ்சின் 15 குதிரைவலு. அவருக்கு மெதுவா எண்டது உங்களுக்குப் பறக்கிறது. பதினாலடி வள்ளம் மணிக்கு ஒன்பது கிலோமீற்றருக்கு மேல தன்ர அலையைத் தாண்டேலாது. அதுக்கு மேல இழுத்தால் அணியம் தூக்கி, பின்பக்கம் தாழ்ந்து, பாம்பு மாதிரி இடமும் வலமும் வெட்டும். மூண்டாவது வெட்டில பக்கத்தால தண்ணி ஏறும். முன்னுக்கு இருக்கிறவர் திரும்பிப் பாக்கேக்க கயித்தில மிதவைதான் மிச்சம்.

செய்முறை: 8 அல்லது 10 மில்லிமீற்றர் நைலோன் கயிறு 15 மீற்றர். அணிய வளையத்தில முடியப்படாது, அது அழகுக்குப் பூட்டினது. முன் குறுக்குப் பலகையைச் சுத்தி ஒரு வளையம் எடுத்து நுனியைக் கையில பிடிச்சிரு. முடிச்சில்லை. விட்டால் கழரவேணும். பக்கத்தில கத்தி. ரெண்டு பேரும் பின்பக்கம் தள்ளி இருங்கோ. ஒருத்தர் துடுப்பைப் பின்னால சுக்கான் மாதிரிப் பிடிக்கவேணும். கயிறு தொய்ஞ்சிருக்கேக்க இழுக்கத் தொடங்கவிடாதே. வெளிக்கிட முதல் அவருக்குச் சொல்லு: “அண்ணை, நடக்கிற வேகத்துக்கு மேல கொஞ்சம், அவ்வளவுதான்.” கை உயர்த்தினால் நிப்பாட்டவேணும் எண்டும் சொல்லு. வெக்கப்பட்டுச் சொல்லாமல் விட்டால் நனைவியள்.

குடாக்கரை | 18.01.2025

இழுக்கிறவருக்குச் செலவு உண்டு என்பதையும் எழுதுங்கள். அந்த எஞ்சின்களில் கனக்க மண்ணெண்ணெயில் ஓடுபவை. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே நாளில் ஏறியது. அந்த நேரம் வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிட்டுக் கூலிவேலைக்குப் போனவர்கள் உண்டு. விலை பிறகு இறங்கினாலும் அந்தப் பயம் இறங்கவில்லை.

மரக்கோல் | 18.01.2025

அதுதான் நான் தண்ணியில தொடங்கினது. அந்தக் கரையில ஒரு உதவியும் சும்மா வாறதில்லை, குடுக்கிறவர் விலையைச் சொல்லுறதில்லை, அவ்வளவுதான். மெதுவா இழுத்தால் மணித்தியாலத்துக்கு ரெண்டு, மூண்டு லீற்றர் போகும். அவர் திரும்பிப் போற தூரமும் இருக்குது. ஒரு மணித்தியாலம் இழுத்தவருக்கு ஐஞ்சு லீற்றர் கணக்கு.

காசை நீட்டினால் கோவிப்பினம். “உது வேண்டாம் தம்பி” எண்டால் பிறகு கதைக்கேலாது. மண்ணெண்ணெயா வாங்கிக் குடுத்தால் கதை வேறை, கடலில கடன் வாங்கின எண்ணெயைத் திருப்பிக் குடுக்கிறது தொழிலில உள்ள வழக்கம். வள்ளத்தில கொண்டு போகாதேங்கோ, கசிஞ்சால் சாப்பாடெல்லாம் மணக்கும். கரையேறின ஊரில வாங்கிச் சங்கத்தில அவற்ற பேரைச் சொல்லி வைச்சிட்டுப் போகலாம்.

கச்சான் | 18.01.2025

சாப்பாட்டுக் கடன்?

மரக்கோல் | 18.01.2025

ஒரு நேரக் கறிமீன் குடுத்தால் வாங்கு. மறுக்கிறது மரியாதையில்லை. தேயிலை, சீனி கால்கிலோப் பைக்கற்றா நாலைஞ்சு வைச்சிரு, தேத்தண்ணி வைச்ச வீட்டு அம்மாட்டக் குடுக்கலாம். பிள்ளையளின்ர கையில காசு குடுக்காதே.

உங்கட சொந்தச் சாப்பாட்டுக்கு அரிசி, பருப்பு, நெத்தலிக் கருவாடு, பனங்கட்டி. புழுக்கொடியல் ஒரு கிலோ, அது மழை ஈரம் படாமல் இருந்தால் மாதக்கணக்கில கெடாது. சப்பச் சப்பத் தண்ணி விடாய்க்கும் எண்டதையும் சொல்லவேணும். அதையும் கணக்கில சேர்த்தால் 30 லீற்றர் காணாது. உண்மையாப் பாத்தால் மாசி கடைசி வெயிலுக்கு ஒருத்தருக்கு ஆறு லீற்றர் எண்டு போடுங்கோ. 36. முதல் எழுதினதை வெட்டுங்கோ.

வெளிக்கிட்டவன் | 22.01.2025

வள்ளம் எடுத்தாச்சு. பைபர், பதின்மூண்டரை அடி. தண்ணி ஊத்திப் பாத்தம், அணியத்தடியில ஒரு சாண் நீளத்துக்கு ஈரக்கோடு. சன்லைட் சவுக்காரத்தை அழுத்தித் தேய்ச்சால் அடைபடும் எண்டு ஒருத்தர் சொன்னார்.

மரக்கோல் | 22.01.2025

அது பெற்றோல் ராங்குக்கு. பெற்றோலில சவுக்காரம் கரையாது, அதால நிக்கும். தண்ணியில நாலு மணித்தியாலத்தில நுரை. உடுப்புத் தோய்க்கிறதெண்டால் வசதி.

வெடிப்பைச் சுத்தி மூண்டு அங்குலம் 80 நம்பர் உப்புத்தாளால மினுக்கம் போக உரஞ்சு. நல்லதண்ணியால கழுவு, கடலுப்பு இருந்தால் ரெசின் பிடிக்காது. ஒரு பகல் முழுக்கக் காயவிடு. வெடிப்பின்ர ரெண்டு அந்தத்திலயும் சின்னத் துளை போட்டால் மேல ஓடாது. 100 மில்லிலீற்றர் ரெசினுக்கு ஹாட்னர் ஒண்டில இருந்து ரெண்டு மில்லிலீற்றர். மத்தியான வெயிலில ஒண்டுக்கு மேல போடாதே, பூச முதல் பேணிக்குள்ளயே கல்லாப்போகும். முதல் பைபர் மட் துண்டு வெடிப்பை விட ரெண்டு அங்குலம் அகலம், அடுத்தது மூண்டு. தூரிகையால குத்திக் குத்திக் காத்துக் குமிழை வெளியேத்து. வெள்ளையா ஒரு இடம் தெரிஞ்சால் அந்த இடத்தில காத்து இருக்கு, பிறகு அதிலதான் உரியும்.

வழியில வெடிச்சால் இதுக்கெல்லாம் நேரமில்லை. சைக்கிள் ரியூப் துண்டு, அதுக்கு மேல பேணித்தகடு, சுத்திவரச் சின்ன ஸ்குரூ. ரியூப்புக்குக் கீழ கிரீஸ் பூசினால் மன்னார் வரைக்கும் நிக்கும்.

குடாக்கரை | 25.01.2025

சேற்றைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. தேவன்பிட்டிக்குத் தெற்கே, விடத்தல்தீவு வரை கண்டல் காடும் சேற்றுத் தரையும். வற்றில் கரைக்கும் தண்ணீருக்கும் நடுவே நூற்றுக்கணக்கான மீற்றர் சேறு கிடக்கும். ஊர் வள்ளங்கள் போய்வரும் ஓடை ஒன்றிருக்கும், கம்பு நட்டு அடையாளம் வைத்திருப்பார்கள். அதைக் கண்டுபிடித்து அதனால்தான் கரையேற வேண்டும். தெரியாவிட்டால் வெளியே நின்று, போகிற வள்ளத்தின் பின்னால் வரலாம்.

விடத்தல்தீவுக் கண்டலும் கடற்பகுதியும் 2016இல் இயற்கை ஒதுக்கமாக அறிவிக்கப்பட்டது. கண்டலுக்குள் கூடாரம், விறகு வெட்டு, நெருப்பு எதுவும் வேண்டாம். ஊருக்குள் போய்த் தங்குங்கள்.

மரக்கோல் | 25.01.2025

நீரேற்றம் ரெண்டடிக்கு மேல போறது அருமை, ஆனால் தரை தட்டையெண்டபடியால் அந்த ரெண்டடிக்குத் தண்ணி அரைக் கிலோமீற்றர் போய்வரும். பறுவம் பெப்ரவரி 12, அமாவாசை 28. ரெண்டுக்கும் நடுவில 20ஆம் தேதியை ஒட்டி ஏற்ற இறக்கம் குறைவு. 17 வெளிக்கிட்டால் சேத்துப் பகுதிக்கு அந்த நாளையில வருவியள்.

மரக்கோல் தாங்கிற விதம். பன்னிரண்டு, பதின்மூண்டடிக் கம்பு. அடியில கவர் இருக்கவேணும், அல்லது உள்ளங்கையளவு பலகைத்துண்டு அடிச்சிருக்கவேணும். வெறும் நுனி சேத்தில ஒரு முழம் போகும். நேரா முன்னால குத்தாமல் உடம்புக்குப் பின்னால சரிச்சுக் குத்தித் தள்ளு. இறுகினால் முதல் திருகு, பிறகு இழு. வராட்டி விட்டிடு. வள்ளம் போகுது, கோல் நிக்குது, ஆள் ரெண்டுக்கும் நடுவில தொங்குறதைக் கரையில இருக்கிற பெடியள் வருசக்கணக்காச் சொல்லிச் சிரிப்பாங்கள்.

இறங்கி இழுக்கிறதெண்டால் கயிறு கட்டின பழைய சப்பாத்து. செருப்பைச் சேறு கழட்டி எடுத்திடும். ஊரியும் மட்டியும் வெறுங்காலைக் கிழிக்கும். காலைத் தூக்கி வைக்காமல் அரைச்சு அரைச்சு நட, திருக்கை இருந்தால் விலகும். குத்தினால் தாங்கக்கூடிய சூட்டுத் தண்ணியில காலை வைச்சிரு, அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல், ஒண்டரை மணித்தியாலம் வரைக்கும். நோவு குறையும். முள் துண்டு உள்ளுக்கு இருந்தால் கிண்டாமல் ஆஸ்பத்திரிக்கு. அம்புலன்ஸ் 1990.

ஆறு கடலில சேருற வாயளில குளிக்காதேங்கோ. முதலை.

கச்சான் | 27.01.2025

தலைப்பு மாறினாலும் பரவாயில்லை, இதைக் கேக்கிறன். இப்பிடிக் கோத்து இழுத்த வள்ளத்திலதானே போர்க்காலத்தில கிளாலிக் களப்பால சனம் போனது?

மரக்கோல் | 27.01.2025

ஓம். தொண்ணூறுகளின்ர தொடக்கத்தில ஆனையிறவும் பூநகரியும் அடைபட்ட காலம். இரவில, வெளிச்சமில்லாமல், ஒரு எஞ்சின் வள்ளத்துக்குப் பின்னால நாலைஞ்சு வள்ளத்தைக் கயித்தில கோத்து. கடைசி வள்ளத்துக்குத்தான் வெட்டு அதிகம், முன்னால போறதின்ர அலை முழுக்க அதில ஏறும். கோவையில போகேக்க தண்ணி வாருறதுக்கு ஒவ்வொரு வள்ளத்திலயும் ஒருத்தர் வேணும். 1993 தையில அந்தத் தண்ணியில செத்த சனத்தை நினைச்சுக்கொண்டு இதுக்கு மேல செய்முறை எழுத மனமில்லை.

குடாக்கரை | 28.01.2025

அதே காலத்தின் மறுபக்கம் இரணைதீவு. 1992இல் இடம்பெயர்ந்த சனம், 2018 ஏப்ரல் 23 அன்று தாங்களே வள்ளங்களில் போய் இறங்கியது. இந்தத் தம்பிமார் வழியில் அங்கேயும் ஏற நினைக்கலாம். கரையிலிருந்து பல கிலோமீற்றர் திறந்த கடல். மேலே சொன்ன “முட்டுகிற ஆழம்” விதி அங்கே செல்லாது. துடுப்பு வள்ளத்தில் வேண்டாம். பார்க்க விரும்பினால் இரணைமாதாநகரில் கேட்டு, ஊர் வள்ளத்தில், சொந்தத் தண்ணீரோடு போகலாம்.

கரையில் அட்டை, மட்டி பொறுக்கும் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

வெளிக்கிட்டவன் | 03.02.2025

இதெல்லாத்தையும் வாசிச்சாப் பிறகு முல்லைத்தீவுப் பக்கம் லேசு போல கிடக்கு. நந்திக்கடல்?

மரக்கோல் | 03.02.2025

நந்திக்கடலுக்குள்ள சுத்தலாம், ஆனால் அது பயணமில்லை. வட்டுவாகலில கடலோட சேரும், ஆற்றுவாய் மண்ணால மூடினால் அதுவுமில்லை. கோடையில பாதி வெட்டை. வெளியில கிழக்குக் கடல், வாடைக்கு அலை நேர கரையில உடையும்; பதின்மூண்டரை அடி வள்ளத்தை அதுக்குள்ளால தள்ளேலாது. பிறகு, 2009 போருக்குப் பிறகு அந்தத் தண்ணியில ஆக்கள் பொழுதுபோக்கா வலிச்சுக்கொண்டு திரியிறதைக் கரையில நிக்கிற தாய்மார் எப்பிடிப் பாப்பினம் எண்டு யோசியுங்கோ. மேற்கால போங்கோ.

மரக்கோல் | 08.02.2025

இரவு தங்கிறது. வாடிக்குள்ள கேக்காமல் ஏறிப் படுக்கப்படாது, ஆளில்லாட்டியும். முதல் சங்கத்துத் தலைவர், இல்லாட்டிக் கோயில். கத்தோலிக்க ஊர்களில பங்குச் சுவாமியிட்ட சொன்னால் பாடசாலை விறாந்தையோ மண்டபமோ கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை அந்த ஊர்களில பெரும்பாலும் தொழிலுக்குப் போகமாட்டினம். கடலில இழுக்க ஆளிருக்காது, அதால அண்டைக்கு ஓடாமல் கரையில நில்லுங்கோ. பூசை நேரம் வள்ளத்தோட வந்து இறங்கி ஆரவாரம் பண்ணாதேங்கோ.

பின்னேரம் நாலு மணிக்கு முதல் ஊருக்குத் தெரியக்கூடியமாதிரிக் கரையில இருக்கவேணும். இருட்டின பிறகு வாற அந்நியனுக்குப் பாய் குடுக்கிறதும் அதே வீடுதான், ஆனால் அண்டைக்கு அந்த வீடு நித்திரை கொள்ளாது.

கச்சான் | 09.02.2025

17 வெளிக்கிட்டு ஏழு நாள் எண்டால் 23 மன்னார். 26 சிவராத்திரி. திருக்கேதீச்சரத்தில மூண்டு நாள் அன்னதானம் சாப்பிட்டு, பாலாவியில உப்பைக் கழுவிப்போட்டு வரலாம். தண்ணிக் கணக்கில இதைச் சேக்கேல்லையே அண்ணை?

மரக்கோல் | 09.02.2025

பாலாவித் தீர்த்தம் லிங்கத்துக்கு ஊத்த. உம்மட முதுகுக்கில்லை.

சிவராத்திரிச் சனத்துக்குள்ள மன்னாரில அறையும் கிடைக்காது, வள்ளம் ஏத்த லொறியும் கிடைக்காது. லொறிக்கு இப்பவே சொல்லி வையுங்கோ. பாலத்துக்கு வடக்குப் பக்கத்திலேயே ஏறுங்கோ. கீழால போய் மற்றப் பக்கம் வந்து படமெடுக்கிற ஆசை வேண்டாம், அதுக்குள்ள நீரோட்டம் எந்த நேரம் எந்தப் பக்கம் எண்டு அந்த ஊர்க்காரரைக் கேக்காமல் தெரியாது.

வெளிக்கிட்டவன் | 15.02.2025

கடைசிப் பட்டியல், பிழையிருந்தால் சொல்லுங்கோ. தண்ணி 5 லீற்றர் கான் எட்டு, நாற்பது லீற்றர். மிதவைக் கான் ரெண்டு. துடுப்பு மூண்டு. வாருற பட்டை ரெண்டு, கட்டினது. உயிர்காப்பு அங்கி ரெண்டு. கயிறு 15 மீற்றர், கத்தி. ரியூப், தகடு, ஸ்குரூ, கிரீஸ். சப்பாத்து. அரிசி நாலு கிலோ, பருப்பு, கருவாடு, பனங்கட்டி. புழுக்கொடியல் அரைக்கிலோ. தேயிலை, சீனி ஆறு பைக்கற். மண்ணெண்ணெய்க்கு வேறயாக் காசு. கடிதம் மூண்டு பிரதி, முகாமிலயும் சங்கத்திலயும் குடுத்தாச்சு. பள்ளிக்குடாவில வள்ளத்தை இறக்கி வைச்சிருக்கிறம். ஒரு ஐயா ராவுக்குப் பாத்துக்கொள்ளுறன் எண்டவர், அவருக்கு என்ன குடுக்கிறதெண்டு இன்னும் பிடிபடேல்லை.

மரக்கோல் | 15.02.2025

ஐயாவுக்குப் போன் நம்பரைக் குடுத்து, மன்னாரில ஏறின உடன எடுத்துச் சொல்லுங்கோ. எடுக்காட்டி அந்தாள் கடலைப் பாத்துக்கொண்டு நிக்கும்.

பட்டியலில மரக்கோலைக் காணேல்லை.

வெளிக்கிட்டவன் | 15.02.2025

ஐயாதான் தன்ரயைத் தாறன் எண்டு நிக்கிறார்.

மரக்கோல் | 15.02.2025

வாங்காதேங்கோ. நாளைக்கு அவர் என்னத்தால தாங்கிறது? சந்தியில மரக்காலை இருக்கும், கம்பு எடுத்து அடியில பலகைத்துண்டு அடியுங்கோ. ஆணி ரெண்டு காணாது, மூண்டு.